வளவு அடுப்பிலிருந்து குசினிக்கு: இஞ்சி பியர் காய்ச்சும் நாளைச் சுருக்கிய ஒரு வீடு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் என் வீட்டுக்குப் பக்கத்து வளவில் நடந்ததை அந்த வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. வீட்டுக்காரியை நான் கூப்பிடுகிற மாதிரியே அக்கா என்றும், அவருடைய கணவரை அண்ணை என்றும், அண்ணையின் தாயாரை ஆச்சி என்றும் சொல்கிறேன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். நேரத்தையும் வெப்பநிலையையும் குறித்து வைத்தது என் கொப்பியில்தான்.

பின்னணி

இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை அக்கா 20 லீற்றர் இஞ்சி பியர் காய்ச்சுவார். விற்பனைக்கு அல்ல. சொந்தக்காரருக்கு, அயலுக்கு, வீட்டு விசேஷங்களுக்கு. பெயரில் பியர் இருந்தாலும் இது குளிர்பானம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மது தயாரிக்க இலங்கைச் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே ஈஸ்டால் பானம் நொதிப்பதை எங்கே நிறுத்துவது என்பதில் அக்கா எப்போதும் கவனமாக இருப்பார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காய்ச்சுவது வளவில், மாமரத்துக்குக் கீழே மூன்று கல் அடுப்பில். பாத்திரம் ஆச்சியின் அலுமினியக் கிடாரம். விறகு பனை மட்டையும் தென்னம் பாளையும். சோளகம் வீசுகிற மாதங்களில் சுவாலை பாத்திரத்தில் படாமல் சரிந்துபோகும், ஆற வைத்த கிடாரத்துக்குள் புழுதி விழும். மாரியில் அடுப்பே நனைந்துவிடும். அக்காவுக்கு முழங்கால் வருத்தமும் உண்டு.

"தம்பி, ஒரு நாள் முழுக்க இதுக்கே போகுது. அண்டைக்குச் சமையலும் இல்லை, கோயிலும் இல்லை" என்றார் 2023 ஆவணியில். அடுத்த சனிக்கிழமை மணிக்கூட்டோடு போய் நின்றேன்.

அன்றைய நேரக்கணக்கு

ஒரு கிலோ இஞ்சி தோல் சீவ 50 நிமிடம். உரலில் இடிக்க 40. அடுப்பு மூட்டி 20 லீற்றர் தண்ணீர் கொதிக்க 95. கொதியில் 30. பிறகு கிடாரத்தை ஒரு பெரிய தொட்டிக்குள் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் மாற்றி மாற்றி ஆற வைத்ததில் 200 நிமிடம். வடிக்க 25, போத்தலில் நிரப்ப 40, கரி பிடித்த கிடாரத்தைத் தேய்த்துக் கழுவ 45. மொத்தம் 525 நிமிடம், அதாவது 8 மணித்தியாலமும் 45 நிமிடமும்.

இதில் 295 நிமிடம் தண்ணீரைச் சூடாக்கவும் அதே தண்ணீரை ஆற்றவும் மட்டுமே போயிருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் 28, 29 பாகை. அதைக் கொண்டு 20 லீற்றர் கொதிநீரை ஈஸ்ட் தாங்குகிற சூட்டுக்கு இறக்குவது இழுபடத்தான் செய்யும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே அதன் அர்த்தத்தை நாங்கள் பார்க்கத் தவறினோம். விறகு அடுப்பை எதால் மாற்றுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தோம்.

மாரி நாளில் நடந்தது

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை விடாத மழை. ஒரு பிறந்தநாளுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் வேலையைத் தள்ளிப்போட முடியவில்லை. அண்ணை ஒரு இரும்பு அடுப்பில் ஊமற்கரி (பனங்கொட்டைக் கரி) போட்டுப் பின்பக்கச் சாய்ப்புக்குள் கொண்டுவந்து வைத்தார். சாரல் அடிக்கிறது என்று கதவையும் சாத்தினார். கரி நன்றாகப் பிடித்து, புகை ஒரு துளியும் இல்லாமல் சிவந்து கிடந்தது. புகை இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று எல்லாரும் நம்பினார்கள்.

ஆச்சி அங்கே வாங்கில் இருந்து தேசிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். முக்கால் மணித்தியாலத்தில் தலை இடிக்கிறது என்றார். பிறகு சத்தி எடுத்தார். எழும்பப் பார்த்தவருக்குக் கால் நிற்கவில்லை. அக்காவுக்கும் தலை கனத்தது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வருத்தம் என்பதுதான் அக்காவை உசுப்பியது. கதவைத் தள்ளித் திறந்து ஆச்சியை விறாந்தைக்கு இழுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். அடுத்த நாள் ஆச்சி வீட்டுக்கு வந்துவிட்டார்.

கரியும் விறகும் காஸும் எரியக் காற்றுப் போதாத இடத்தில் காபனோரொட்சைட்டு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை கண்ணைக் கரிக்கும், ஆளை எழுப்பி வெளியே அனுப்பும். இது அப்படி எந்த எச்சரிக்கையும் தராது. சிவந்த கரியில் புகை அடங்கிவிடும், இந்த வாயு அடங்காது. வெளியே எரிக்கிற எந்த அடுப்பையும் ஒரு நாளைக்குத்தானே என்று உள்ளே கொண்டுவரக் கூடாது. இந்த ஆய்வில் வேறெதையும் வாசிக்காவிட்டாலும் இந்தப் பகுதியை வாசியுங்கள்.

அன்றிரவே அக்கா முடிவெடுத்தார்: இனி வேலை குசினிக்குள், எரிகிற அடுப்பு இல்லாமல்.

முதல் முயற்சிகள்

கலியாண வீடுகளில் வைக்கிற பெரிய காஸ் அடுப்பை ஒரு உறவினர் தரத் தயாராக இருந்தார். குசினிக்கு ஒரே ஒரு யன்னல். அந்த அடுப்பு எரிகிற வேகத்துக்கு அது போதாது, சாய்ப்புக்குள் நடந்ததே திரும்ப நடக்கும் என்று நான் மறித்தேன். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் வெடித்த செய்திகளும், 2022 இல் சிலிண்டருக்கு நின்ற வரிசையும் அக்காவின் மனதை விட்டுப் போகவும் இல்லை.

மார்கழியில் அண்ணை தண்ணீர் சூடாக்குகிற 1500 வாட்ஸ் கம்பி ஒன்றை 1,900 ரூபாவுக்கு வாங்கிவந்தார். வெறும் தண்ணீரில் வேலை செய்தது. சீனி கரைத்த பிறகு கம்பியைச் சுற்றிப் பாகு கருகி, முழுக் கிடாரமும் கருகல் மணம். கம்பியைத் தூக்கிப் பார்த்தால் கறுப்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு படை. யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு சூட்டுக் கம்பியில்தான் முதலில் ஒட்டும். எங்கள் வீட்டுக் கேத்தல்களின் அடியில் படிகிற அதே வெள்ளை. இதைவிட, கறண்ட் ஓடுகிற கம்பி கிடக்கிற உலோகக் கிடாரத்துக்குள் ஆளொருவர் அகப்பை விட்டுக் கிண்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கம்பி ஓரம் போனது.

2024 தையில் 2000 வாட்ஸ் இண்டக்சன் அடுப்பு வந்தது, 11,500 ரூபா. ஆச்சியின் கிடாரத்தைத் தூக்கி வைத்தால் அடுப்பு கீச்சிட்டுவிட்டு நின்றுவிட்டது. இண்டக்சனுக்குக் காந்தம் பிடிக்கிற அடி வேண்டும், அலுமினியத்தில் அது வேலை செய்யாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிற காந்தத்தைக் கடைக்குக் கொண்டுபோய் அடியில் வைத்துப் பார்த்தாலே போதும். நாங்கள் பார்க்கவில்லை. ஒருவரிடம் பெரிய சில்வர் சருவம் இரவல் வாங்கினோம்.

அடுத்தது பிளக். பழைய வீடு, குசினியில் 5 அம்பியர் வட்டக்குத்தி மட்டும். 2000 வாட்ஸை 230 வோல்ட்டால் பிரித்தால் 8.7 அம்பியர். இடையில் ஒரு அடப்டரைப் போட்டு ஓட்டினார்கள். கால் மணித்தியாலத்தில் பிளாஸ்டிக் எரிகிற மணம் வந்தது. அடப்டரின் ஒரு பக்கம் மெழுகு மாதிரி வழிந்திருந்தது. அன்றோடு நிறுத்தி, வயறிங் தெரிந்த ஒரு தம்பியைக் கூப்பிட்டு, பிரதான பெட்டியிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்து, தனி பிரேக்கரோடு 13 அம்பியர் குத்தி போட்டோம். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் அவர் பார்த்துக் கொடுத்தார். 9,400 ரூபா.

எல்லாம் சரியான பிறகு 20 லீற்றர் கொதிக்க 70 நிமிடம் எடுத்தது. விறகைவிட 25 நிமிடம்தான் குறைவு. ஆற வைக்க அதே மூன்று மணித்தியாலம். அதற்கு மேல் ஒரு புதுத் தொல்லை: திறந்த சருவத்திலிருந்து போன ஆவி சீலிங்கில் தண்ணீராகக் கோர்த்துச் சொட்டியது, யன்னல் பக்கச் சுவரில் இரண்டு கிழமையில் பூஞ்சணம் பிடித்தது. வேலை குசினிக்குள் வந்துவிட்டது, நாளோ குறையவில்லை. 22,800 ரூபா செலவாகியிருந்தது. அக்கா சோர்ந்துபோனார்.

கனடாவிலிருந்து வந்த கேள்வி

அக்காவின் மகன் கனடாவில் இருக்கிறார். அங்கே வீட்டுத் தேவைக்கு பியர் காய்ச்சச் சட்டம் விடுகிறது, அவரும் காய்ச்சுகிறார். பனிக்காலத்தில் வெளியே நிற்க முடியாமல் குசினிக்கு மாறினவர். கைபேசியில் சருவத்தைக் காட்டியபோது அவர் கேட்டது இதுதான்: "அம்மா, 20 லீற்றரையும் ஏன் கொதிக்க வைக்கிறியள்? இஞ்சிக்கும் சீனிக்கும் அஞ்சு லீற்றர் காணும்தானே?"

சாதாரண வீட்டு அடுப்பில் பியர் காய்ச்சுகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்களாம். சிறிய அளவில் கெட்டியாகக் கொதிக்க வைத்து, கடைசியில் ஆறிய சுத்தமான தண்ணீர் விட்டு அளவைச் சேர்ப்பது. பியருக்கு ஒரு வித்தியாசம் உண்டு. மோல்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) சாற்றை மூடாமல் கொதிக்க விட வேண்டும், மூடினால் வேண்டாத ஒரு மணம் ஆவியோடு போகாமல் உள்ளேயே நின்றுவிடும். ஹொப்ஸ் என்கிற பூவின் கசப்பு இறங்க ஒரு மணித்தியாலம் அளவில் கொதியும் வேண்டும். இஞ்சிக்கு இரண்டும் தேவையில்லை. மூடி போட்டு மெல்லிய கொதியில் 15 நிமிடம், அடுப்பை நிறுத்தி இன்னும் 15 நிமிடம் ஊறல், காரம் முழுக்க இறங்கிவிடும்.

நான் ஆவணியிலேயே எழுதி வைத்த கணக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 295 நிமிடத்தைக் குறைக்க அடுப்பை மாற்றத் தேவையில்லை, அடுப்பில் ஏறுகிற தண்ணீரைக் குறைக்க வேண்டும்.

புதிய முறை, அதிலும் ஒரு தோல்வி

மீதித் தண்ணீரைப் பச்சையாக விட முடியாது. ஆகவே முதல் நாள் இரவுச் சமையல் நடக்கும்போதே 15 லீற்றரை இரண்டு தரமாக, மூடி போட்டுக் கொதிக்க வைத்து அப்படியே விட்டுவிடுவது என்று தீர்மானித்தோம். கறண்ட் செலவு குறையாது. இரண்டையும் சேர்த்தால் 2 யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். ஆனால் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை, ஆற்றுகிற வேலையை இரவு செய்துவிடும்.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் வந்தது. கொதித்த தண்ணீரில் சுண்ணாம்பு பிரிந்து விடியும்போது அடியில் வெள்ளைத் தூளாகப் படிந்திருந்தது. மேல் தண்ணீரை மட்டும் அகப்பையால் அள்ளினோம். முன்பு 20 தேசிக்காய் பிழிந்த இடத்தில் 14 போதுமாக இருந்தது. அந்தக் கரைந்த சுண்ணாம்புதான் இத்தனை நாளும் புளிப்பைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

மாசியில் முதல் தடவை இஞ்சிப் பாகை அடுப்பிலிருந்து இறக்கி நேரே குளிர்ந்த தண்ணீரில் ஊற்றினார்கள். அக்கா கையை வெளிப்பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இளஞ்சூடுதான், போடலாம்" என்றார். ஈஸ்ட் போட்டுப் போத்தலில் அடைத்தாயிற்று. மறுநாள் காலையில் போத்தல்களை அமத்திப் பார்த்தால் எல்லாம் மெத்தென்று இருந்தன. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. 20 லீற்றர் இனிப்புத் தண்ணீர்.

இருந்து கணக்குப் போட்டேன். 95 பாகையில் ஐந்தரை லீற்றர் பாகும் 28 பாகையில் 14 லீற்றர் தண்ணீரும் கலந்தால் 47 பாகை வரும். பாடப்புத்தகத்தில் மதுவம் என்று படிப்பிக்கிற ஈஸ்ட் ஓர் உயிர். அந்தச் சூட்டில் அது துவண்டுவிடும். அதைப் படிப்பிக்கிற நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு இன்னும் மனவருத்தம்.

அடுத்த நாளே 1,600 ரூபாவுக்கு ஒரு டிஜிற்றல் வெப்பமானி வாங்கினோம். காந்தம் வைத்துப் பார்த்து 10 லீற்றர் சில்வர் பானை ஒன்றும், 6,800 ரூபா. முறையை இப்படித் திருத்தினோம். வடித்த பாகைப் பானையோடு குசினித் தொட்டியில் வைத்து, தண்ணீரை இரண்டு தரம் மாற்றி 60 பாகைக்கு இறக்குவது. இரவு கொதித்த தண்ணீரில் 5 லீற்றரைக் காலை எழும்பியவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பது. பாகு, குளிர்ந்த தண்ணீர், மீதித் தண்ணீர் மூன்றையும் கலந்தால் 31, 32 பாகை. அதற்குப் பிறகுதான் தேசிக்காய்ச்சாறும் ஈஸ்டும்.

இஞ்சி வேலை சுலபமாகக் குறைந்தது. தோல் சீவுவதை விட்டு, மண் போகப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துண்டாக்கி, கிரைண்டரில் அடித்தார்கள். 90 நிமிடம் 25 ஆனது.

நொதிப்பை நிறுத்துவது

முன்பு போத்தல்கள் வெளிக் கொட்டிலில் நிற்கும். பகல் வெக்கையில் எப்போது முற்றும் என்று சொல்ல முடியாது. கண்ணாடிப் போத்தல் பாவித்த காலத்தில் ஒன்று வெடித்துத் தகரக் கூரையில் துண்டு ஏறிய அடையாளம் இன்னும் இருக்கிறது. கண்ணாடியை அக்கா அன்றே விட்டுவிட்டார். இப்போது பிளாஸ்டிக் சோடாப் போத்தல்களை, மீன் வருகிற ரெஜிபோம் பெட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வீட்டுக்குள் தரையில் வைக்கிறார். உள்ளே 28, 29 பாகை, பெரிதாக ஏறி இறங்காது. சராசரியாக 16 மணித்தியாலத்தில் போத்தல் கல்லுப் போல ஆகும். அந்த நேரமே எல்லாம் குளிர்சாதனப் பெட்டிக்குள்.

ஏன் அந்த நேரமே? ஒரு லீற்றரில் 8 கிராம் சீனியை ஈஸ்ட் தின்றால் ஏறத்தாழ 4 கிராம் காபனீரொட்சைட்டு வரும். கடைச் சோடாவைவிட மெதுவான நுரைக்கு அது காணும். கூடவே அரை வீத அளவு மதுசாரமும் வரும். விட்டு வைத்தால் வாயுவும் ஏறும், மதுசாரமும் ஏறும், போத்தலும் வெடிக்கும். அரை வீதமும் வேண்டாம் என்கிற விரதக்காரருக்கும் சின்னப்பிள்ளைகளுக்கும் அக்கா ஈஸ்ட் போடாமல் ஒரு போத்தல் பாகை எடுத்து வைத்து, சோடாவில் கலந்து கொடுக்கிறார். என் மதிப்பீட்டில் நேரமில்லாத வீட்டுக்கு அது ஒன்றே போதும்.

விளைவு

பங்குனியில் மூன்றாவது தடவை மறுபடி மணிக்கூட்டோடு நின்றேன். இஞ்சி 25, கொதிக்க 16, மெல்லிய கொதி 15, ஊறல் 15, வடிக்க 10, 60 பாகைக்கு ஆற 25, கலக்க 10, போத்தல் நிரப்ப 35, கழுவ 25. மொத்தம் 176 நிமிடம், மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் நாள் இரவு கைவேலை 20 நிமிடம். மூடி போட்ட சிறு பானை என்பதால் சீலிங்கில் சொட்டு இல்லை. வடிக்கிற நேரத்தில் மட்டும் மேசை மின்விசிறியை யன்னல் பக்கம் திருப்பி விடுகிறார்கள். குத்தியைத் தனியாகப் போட்ட பிறகும் தண்ணீர் மோட்டரையும் அடுப்பையும் ஒன்றாகப் போட்டால் வோல்ட்டேஜ் விழுகிறது, ஆகவே தொட்டியை முன்பே நிரப்பிவிடுகிறார்கள்.

2024 ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்து நின்ற நாட்களில் ஒரே கிழமையில் இரண்டு தரம் காய்ச்சினார். அக்கா இரண்டு நாளும் பின்னேரம் கோயிலுக்குப் போனார்.

செலவைப் பார்த்தால் எல்லாமாக 31,200 ரூபா. அதில் நாளைச் சுருக்கியது பானையும் வெப்பமானியும், 8,400 ரூபா. மற்றதில் வயறிங் வீட்டுக்கு எப்படியும் தேவைப்பட்டது, இண்டக்சன் தினச் சமையலுக்கு உதவுகிறது, கம்பி வீண்.

திரும்பச் செய்தால்

ஆவணிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன், எவ்வளவு தண்ணீரை உண்மையில் கொதிக்க வைக்க வேண்டும் என்றுதான் கேட்டிருப்பேன். 5 லீற்றர் என்று தெரிந்திருந்தால் வீட்டில் இருக்கிற சாதாரண இரட்டை அடுப்பே போதும், யன்னலைத் திறந்து வைத்தால் சரி. வெப்பமானியை முதல் சாமானாக வாங்கியிருப்பேன். பழைய வீட்டில் 2000 வாட்ஸ் சாமான் இறங்குமுன் வயறிங்காரரைக் கூப்பிட்டிருப்பேன். சாய்ப்புக் கதவு சாத்தியிருந்த அந்த முக்கால் மணித்தியாலத்துக்குத் திருத்தமே இல்லை. அது நடக்கவே கூடாததாக இருந்தது.

ஒரு குறை மட்டும் மிஞ்சியது. புதியதில் முதல் வாய் குடித்த ஆச்சி, "புகை மணம் இல்லையடி பிள்ளை" என்றார். உண்மைதான், பனை மட்டைப் புகை அந்தப் பானத்தின் பாதி. இப்போது வெள்ளி பின்னேரத்தில், மழை இல்லாவிட்டால், ஆச்சி முற்றத்தின் நடுவில் வெட்டவெளியில் நாலு ஊமலைப் பற்றவைத்து, தணலில் நாலு துண்டு இஞ்சியைத் தோல் கருகச் சுட்டு எடுக்கிறார். அடுத்த நாள் கிரைண்டருக்குள் கடைசியாகப் போவது அது.